நாற்பது பார் ஐஸும் ஒரு கையெழுத்தும்

'ஐஸ் என்பது மீனுக்கும் பழரசத்துக்கும் உரிய பொருள். அதை விளையாட்டுத் தளமாகக் கருத இயலாது' என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கோப்புக் குறிப்பு இருக்கிறது. எழுதியவன் நான்தான். பெயர் வடிவேல். வங்கக்கரைப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் பிரிவில் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கீழே எழுதுவதை மேலே அனுப்பி, மேலே எழுதுவதைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சொந்த மூளையிலிருந்து நான் எழுதியது அந்த ஒரு குறிப்புதான். பதிவாளர் படித்துவிட்டு "பிரமாதம்யா" என்றார். அதை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பேராசிரியர் தேவதாஸ் புதுச்சேரியில் பிறந்தவர். அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எட்டு வயதில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போன தேவதாஸ், அங்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வளர்ந்து, கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஆடுகிறார்களே என்று ஐஸ் ஹாக்கி ஆடப்போய், பிறகு பதினோரு வருடம் அதையே தொழிலாகச் செய்தார். காலில் கத்தி வைத்த பூட்ஸ், கையில் வளைந்த மட்டை, உறைந்த தளத்தில் ஒரு ரப்பர் வில்லையைத் துரத்த வேண்டும். துரத்துகிறவனை இன்னொருத்தன் முழு வேகத்தில் வந்து மோதலாம், அது சட்டப்படி சரி. நாலு முறை அவருக்குத் தலையில் பலமாக அடிபட்டது. நாலாவது முறைக்குப் பிறகு ஆறு மாதம் வெளிச்சம் ஆகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார். எழுந்ததும் ஆட்டத்தை விட்டார். முப்பத்துமூன்று வயதில் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்து, விளையாட்டுக்காரர்களின் தலைக்காயத்தைப் பற்றியே ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். ஐம்பது வயதில், சொந்த ஊருக்கு ஏதாவது செய்கிறேன் என்று கருவடிக்குப்பத்தில் வீடு பிடித்து, எங்கள் உடல் இயக்கவியல் துறையில் வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம், அதன்பிறகு பணி உறுதி. வேறு எங்கேயாவது போய்த் தொலைந்திருக்கலாம் மனுஷன்.

அவருக்கும் எங்களுக்கும் தகராறு வந்தது கார்குழலியால். இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி, கபடிக்காரி, உழவர்கரைப் பெண். தாத்தா மில் தொழிலாளி. மில்லை மூடியபிறகு அம்மா அஞ்சலாட்சி தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். பல்கலைக்கழகம் கூப்பிடும் ஆட்டத்துக்கு வராவிட்டால் இடம் ரத்து என்று சேரும்போதே எழுதி வாங்கியிருந்தோம்.

புரட்டாசி மாதம், பயிற்சியில் ரெய்டு போன கார்குழலியின் தலை இன்னொரு பெண்ணின் முழங்காலில் மோதி, பிறகு தரையிலும் மோதியது. எழுந்து வந்து எதிரணிப் பக்கம் நின்றுகொண்டாள். வாந்தி எடுத்தாள். அந்த வழியாக நடந்துபோன தேவதாஸ் ஓடிவந்து, வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அவள் ஞாயிறு, சனி என்று தொடங்கி, அப்படியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"மண்டைக்குள்ள மூளை ஆடிப்போயிருக்கு மிசே. மூணு வாரத்துக்கு இவள் ஆடவே கூடாது" என்றார் தேவதாஸ். அவர் எல்லா ஆண்களையும் மிசே என்றுதான் கூப்பிடுவார். பழைய புதுச்சேரி மரியாதை.

உடற்கல்வி இயக்குநர் வெற்றிச்செல்வன் சிரித்தார். "கபடியில அடிபடாத தலை எங்க சார் இருக்கு? பதினாறு நாள்ல தென்மண்டலப் போட்டி. நம்ம கிரவுண்டுலயே நடக்குது. இவதான் டீமே. ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"இது ஸ்கேன்ல தெரியாது. ஆறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா பொண்ணு எழுந்திருக்க மாட்டா. நான் இதைத்தான் பதினேழு வருஷமா படிக்கிறேன்."

"படிச்சிருக்கீங்க, சரி. விதி என்னா சொல்லுதுன்னு படிச்சீங்களா?"

விதி 14(இ): காயமடைந்த மாணவரை ஆட்டத்திலிருந்து விலக்க, பல்கலைக்கழக மருத்துவரோ, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டில் ஐந்தாண்டு ஆடிய அனுபவமுள்ள ஆசிரியரோ கையெழுத்திடலாம். மருத்துவர் பணியிடம் மூன்று வருடமாகக் காலி. நர்ஸம்மா ராஜாம்பாள் தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆக, அந்தப் பெண்ணின் தலைக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருந்தது தேவதாஸின் கையெழுத்து மட்டும்தான். அன்று மாலையே விலக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடிதம் என் மேஜைக்கு வந்தது. நான் கோப்பு திறந்தேன்.

எங்கள் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் நாற்பத்தொரு விளையாட்டுகள் உண்டு. ஹாக்கி இருந்தது. கேரம் இருந்தது. ஐஸ் ஹாக்கி இல்லை. அப்போதுதான் நான் மேலே சொன்ன அந்தக் குறிப்பை எழுதினேன். பதிவாளர் இளஞ்செழியன் அதன் கீழே பச்சை மையில், 'இப்படியொரு விளையாட்டு உண்டா? இருந்தால் இவர் ஆடினாரா? நிரூபிக்கச் சொல்லவும்' என்று எழுதினார்.

தேவதாஸ் மறுநாளே ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். ஒப்பந்தங்கள், பத்திரிகைத் துணுக்குகள், புகைப்படங்கள். பதிவாளர் ஒரு புகைப்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யார் சார் இது?"

"நான்தான்."

"தலையில கவசம், முகத்துல கம்பி. உள்ள யாரு இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி பேர் போட்டிருக்கு, பாருங்க."

"பேரை யாரு வேணா முதுகுல எழுதிக்கலாம். கவசம் இல்லாம, ஆடிக்கிட்டு இருக்கறப்போ, நேரா கேமராவைப் பார்க்கிற மாதிரி பாஸ்போர்ட் சைஸ்ல மூணு காப்பி குடுங்க. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோட."

"கவசம் இல்லாம ஆடினா செத்துடுவோம் மிசே."

"அது உங்க தனிப்பட்ட பிரச்சினை."

தேவதாஸ் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். இந்தப் பார்வைப் பரிமாற்றத்துக்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம்.

நாலாவது நாள் இன்னொரு பூதம் கிளம்பியது. அவருடைய ஆட்டக் குறிப்பேட்டில், தண்டனை நிமிடங்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"பதினோரு வருஷத்துல எண்ணூத்திச் சொச்சம் நிமிஷம் தண்டனை அனுபவிச்சிருக்கீங்க. வேலைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பத்துல, தண்டனை பெற்றதுண்டான்னு கேட்ட இடத்துல இல்லன்னு எழுதியிருக்கீங்களே?"

"அது ஆட்டத்துக்குள்ள குடுக்கிற தண்டனை. தப்பா மோதினா ரெண்டு நிமிஷம் பெட்டிக்குள்ள உக்காரணும். கதவைச் சாத்திடுவாங்க. நேரம் முடிஞ்சதும் தொறந்து விட்டுடுவாங்க."

"பெட்டிக்குள்ள. கதவைச் சாத்தி." பதிவாளர் என் பக்கம் திரும்பினார். "இதுக்குத் தமிழ்ல என்னாய்யா பேரு?"

கோப்பு கண்காணிப்புப் பிரிவுக்குப் போய்விட்டு ஐந்து நாள் கழித்து வந்தது. குற்றப் பின்னணி இல்லை என்று அவர்கள் எழுதவில்லை. 'இதுவரை தெரியவரவில்லை' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோருமே பூசாரிதான். சாமி யாரென்று இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஐந்து பேர் கொண்ட சரிபார்ப்புக் குழு போட்டார்கள். தாவரவியல், அரசியல் அறிவியல், கட்டடப் பிரிவு, நூலகம், வெற்றிச்செல்வன். தாவரவியல்காரர் முதல் கூட்டத்தில், உருண்டையாக இல்லாத ஒன்றைப் பந்து என்று எப்படிச் சொல்லலாம் என்று நாற்பது நிமிடம் பேசினார். முடிவில், பேராசிரியர் குழுவின் முன்னால் ஆடிக் காட்டட்டும், பல்கலைக்கழகமே ஐஸ் ஏற்பாடு செய்யும் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. தேவதாஸ், "நான் ஆடிக் காட்டறேன், இப்பவே காட்டறேன். ஆனா அதுவரைக்கும் அந்தப் பொண்ணை ஆட விடாதீங்க" என்றார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள் என்று தலைவர் அனுமதிக்கவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு செயல்முறை விளக்கம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியிலிருந்து நாற்பது பார் ஐஸ் மினி லாரியில் உமி போர்த்தி வந்தது. கூடைப்பந்து மைதானத்தில் வரிசையாக அடுக்கி, இடுக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றிரண்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மைதானத்தைச் சுற்றிக் காக்கை கூடிவிட்டது. தேவதாஸ் கவசம், முழங்கால் கட்டு, கத்தி வைத்த பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு மட்டையோடு வந்து நின்றார். வெயிலில் அவரைப் பார்க்க எனக்கே வேர்த்தது.

"ஆரம்பிக்கலாமா? உருகுது" என்றார்.

"துணைவேந்தர் வராம எப்படி சார் ஆரம்பிக்கிறது?" என்றார் பதிவாளர்.

துணைவேந்தர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு. காற்றில் விளக்கு ஏழு முறை அணைந்தது. வரவேற்புரையில் வெற்றிச்செல்வன் மேடையிலிருந்த பதினொரு பேரையும் பட்டத்தோடும் பதவியோடும் வரவேற்றார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஐஸைக் கொடுத்த கம்பெனி முதலாளிக்கும் ஒன்று. பார்களின் மூலைகள் மழுங்கி, தண்ணீர் மேடைக்கு அடியில் ஓடிவந்து ஒலிபெருக்கி ஒயரைத் தொட்டதால் கால் மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். வந்ததும் துணைவேந்தர் பேசினார்.

"இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் திறமையும் சோதிக்கப்படாமல் உள்ளே நுழைய முடியாது. நான் நுழைந்தபோது யாரும் சோதிக்கவில்லை. அது நியமனம், அது வேறு. உலகத் தரம், உலகத் தரம் என்கிறார்கள். இதோ, வெளிநாட்டில் மட்டுமே கிடைத்துவந்த ஐஸை நாம் கூடைப்பந்து மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டோம். இனி இதில் ஆடுவதோ ஆடாததோ சிறிய விஷயம். மாணவர் நலனே நம் உயிர். அதனால்தான் ஒரே ஒரு மாணவிக்காக இத்தனை பேர் இரண்டு வாரமாக வேறு எந்த வேலையும் செய்யவில்லை."

கைதட்டல் ஓய்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. குழு எழுந்து போய்ச் சாப்பிட்டது. தேவதாஸ் சாப்பிடப் போகவில்லை. மிச்சமிருந்த ஐஸ் மேல் ஒரு காலை வைத்தார். அது இரண்டாகப் பிளந்து அவர் பின்பக்கமாக விழுந்தார். நானும் ராஜாம்பாளும்தான் தூக்கிவிட்டோம். எழுந்து மட்டையை ஊன்றிக்கொண்டு, "நான் ஆடினேன் மிசே. நிசமா ஆடினேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும் சார் என்றேன். எனக்குத் தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

குழு மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்வையிட்டது. கூட்ட அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'தளத்தில் தண்ணீர் மட்டுமே காணப்பட்டது. வாய்ப்பு அளித்தும் பேராசிரியர் அதில் விளையாடிக் காட்டவில்லை. எனவே அவருடைய கையெழுத்து விதி 14(இ)-இன் கீழ் செல்லாது.'

மறுநாள் அஞ்சலாட்சி தையல் கம்பெனியில் அரைநாள் சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், பொண்ணுக்கு இன்னும் தலைவலி வுடலை. சோத்துத் தட்டைப் பார்த்தாலே குமட்டுதுங்குது. நாளைக்கி ஒரு நாள் ஆட வேணாம்னு எழுதிக் குடுங்க சார்."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. மேல போய்ட்டு வந்துடுச்சு."

"மேலன்னா எங்க சார்? நான் போய்க் கால்ல வுழறேன்."

தேவதாஸ் அதற்குள் கார்குழலியைத் தேடிப் போய், உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடு என்று கெஞ்சியிருக்கிறார். "வரலன்னா சீட்டு போய்டும் சார். எங்கம்மா ராவும் பகலும் தைக்கிறது இதுக்குத்தான். ஒரு மேட்ச் தானே, பாத்து ஆடிக்கிறேன்" என்றிருக்கிறாள்.

ஆடினாள். ஆட்டம் தொடங்கிய ஒன்பதாவது நிமிடம், ரெய்டில் கோட்டைத் தொடும்போது மூன்று பேர் அவள்மேல் விழுந்தார்கள். மூன்று பேரும் எழுந்தார்கள். பார்வையாளர் பக்கமிருந்து தேவதாஸ் கத்திக்கொண்டு ஓடினார். அவர் கழுத்தில் அனுமதி அட்டை இல்லை என்று காவலாளிகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். உள்ளே வெற்றிச்செல்வன் அவள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவள் எதுவும் சாதித்துவிட்டுப் போய்ப் படுக்கவில்லை. ரெய்டுக்குக் கிடைத்தது ஒரு புள்ளி, ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பதினேழாவது நாள் கண் விழித்தாள். இடது கை எழவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இன்னும் ஒரு வருடத்துக்கு வைத்தியம் வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகம் உடனே விசாரணைக் குழு அமைத்து, மாணவி பழைய காயத்தை மறைத்து ஆடினார், நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று கண்டுபிடித்தது. அதற்குக் குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான். என் கோப்பில், முதல் பக்கத்தில், தேவதாஸின் கடிதம்.

பதிவாளர் அவரை அழைத்தார். டீ வரவழைத்தார். இரண்டு தாள்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தேவதாஸ் சார், ஒரு ஆளைக் காப்பாத்தறது சுலபம். யாரு வேணா செய்யலாம். ஒரு நிறுவனத்தைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். இந்த முதல் பேப்பர், நான் ஐஸ் ஹாக்கி ஆடியதில்லை, என் கடிதம் பொதுமக்களில் ஒருவரின் கருத்து மட்டுமே அப்படின்னு இருக்கும். கையெழுத்து போட்டா அடுத்த மாசமே உங்க வேலை உறுதி. போடலன்னா ரெண்டாவது பேப்பர். குற்றச்சாட்டுக் குறிப்பு."

தேவதாஸ் இரண்டாவதை எடுத்துப் படித்தார். 'பதினோரு ஆண்டுகள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரராக விளங்கி, தலைக்காயத்தின் ஆபத்தை நேரில் அறிந்த தாங்கள், மாணவி ஆடுவதைத் தடுக்கத் தவறியது ஏன்?'

"இதுல நான் ஆடினேன்னு போட்டிருக்கே" என்றார்.

"அது குற்றச்சாட்டு சார்."

"இதை நான் ஒத்துக்கிட்டா அன்னைக்கு நான் போட்ட கையெழுத்து செல்லுமா?"

பதிவாளர் இதை எதிர்பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "செல்லுமாய்யா?"

இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு என்ன வந்ததோ, "செல்லும் சார். அவர் கையெழுத்து போட்ட தேதியிலேர்ந்தே செல்லும்" என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஆம்பிளையாகப் பேசிவிட்டேன் என்று மார்பு விம்மியது.

தேவதாஸ் குற்றச்சாட்டின் கீழேயே எழுதினார்: 'ஆம், ஆடினேன். ஆபத்து தெரியும். அன்றே எழுத்தில் சொன்னேன். மாணவியின் வைத்தியமும் படிப்பும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.' வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ அவங்களால மறுக்க முடியாது, இல்ல?" என்று கேட்டார். முடியாது சார் என்றேன். இரண்டு பேரும் கேன்டீனில் வடை சாப்பிட்டோம்.

தகுதிகாண் பருவம் திருப்தியளிக்காததால் அவரைப் பணிநீக்கம் செய்யும் உத்தரவு ஒன்பது நாளில் வந்தது. அதை அவரும் எதிர்பார்த்தார், நானும் எதிர்பார்த்தேன். அதோடு சேர்ந்து இன்னொரு உத்தரவும் வந்தது. கார்குழலிக்கு. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். உன் வீட்டுக்குப் போகிற வழிதானே, நீயே நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்கி வா என்றார் பதிவாளர்.

உழவர்கரையில் அந்த வீட்டில் கார்குழலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி கட்டையாக முளைத்திருந்தது. அஞ்சலாட்சி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"வாங்க சார். அந்த ஐஸ் ஆடற சாரு எழுதிக் குடுத்தது நமக்கு நல்லதா ஆய்ப்போச்சாமே? நர்ஸம்மா சொன்னாங்க. அதானா இது?"

நான் உறையை நீட்டினேன். கார்குழலி வலது கையால் வாங்கிக்கொண்டாள். அவளே படிக்கிறேன் என்றாள். ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக் கூட்டும் குழந்தைபோல உரக்கப் படித்தாள்.

"பேராசிரியர் தேவதாஸின்... விலக்குச் சான்று... அவர் கையெழுத்திட்ட தேதி முதல்... செல்லத்தக்கது என... ஏற்கப்படுகிறது. எனவே அத்தேதி முதல்... தாங்கள் ஆடுவதற்குத்... தடை செய்யப்பட்டவர். தடையை மீறி... ஆடிய ஒழுங்கீனத்துக்காக... தங்கள் இடம்... ரத்து செய்யப்படுகிறது. மருத்துவ உதவி கோர... தகுதியில்லை."

அஞ்சலாட்சிக்கு விளங்கவில்லை. மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னாடி சொல்றாங்க? நல்லதுதானே?"

கார்குழலி தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் திட்டிவிடலாம். அந்தக் கண்ணில் அதுகூட இல்லை.

"அப்போ... நான் ஆடக்கூடாதுன்னு... அன்னைக்கே உங்க எல்லாருக்கும்... தெரியுமாண்ணே?"

நான் ஒப்புதல் படிவத்தை எடுத்து, கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, அவள் முன்னால் நீட்டினேன்.

"ரெண்டு காப்பிம்மா" என்றேன்.